எலெம் கிளீமவ் ஏன் நிறுத்திக்கொண்டார்? லரீஸா ஷெபித்கோவை நாம் எங்கே வைப்பது?

கருவிழி (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மாதம் ஒரு வார இடைவெளியில் இரண்டு படங்களைப் பார்த்தேன். முதலாவது எலெம் கிளீமவ் 1985-இல் எடுத்த ‘வந்து பார்’. அடுத்தது லரீஸா ஷெபித்கோ 1977-இல் எடுத்த ‘மேலேற்றம்’. இரண்டும் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த பெலாரஸில் நடக்கின்றன. ஒன்றில் சேறு, மற்றொன்றில் பனி. இவற்றை எடுத்தவர்கள் கணவனும் மனைவியும் என்பது, இரண்டாவது படத்தைப் பார்த்து முடித்துவிட்டு ஷெபித்கோவைப் பற்றித் தேடியபோதுதான் தெரிந்தது. அப்போதிருந்து இரண்டு கேள்விகள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

‘வந்து பார்’ வெளிவந்தபோது கிளீமவுக்கு வயது 52. மாஸ்கோ திரைப்பட விழாவில் முதற்பரிசு. சோவியத் திரையரங்குகளில் ஏறக்குறைய 2.9 கோடிப் பார்வையாளர்கள். அதன்பின் அவர் 18 ஆண்டுகள் வாழ்ந்தார், 2003-இல் காலமானார். அந்த 18 ஆண்டுகளில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. தடை செய்யப்பட்டதால் மௌனமானவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். தடைகளெல்லாம் நீங்கிய பிறகு மௌனமானவரை இப்போதுதான் பார்க்கிறேன். ஏன்?

இரண்டாவது கேள்வி கொஞ்சம் மனத்தாங்கலுடன் எழுவது. ஷெபித்கோவைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ‘கிளீமவின் மனைவி’ என்றுதான் தொடங்குகிறார்கள். இது சரியா?

பழைய படச்சுருள்

அன்புள்ள கருவிழி, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதற்கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

1977-ஆம் ஆண்டின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு பெர்லின் விழாவில் ‘மேலேற்றம்’ தங்கக் கரடி பெற்றது. அவ்விருதைப் பெற்ற பெண் இயக்குநர்களில், இரண்டாண்டுகள் முந்திய ஹங்கேரியின் மார்த்தா மெசாரோஸுக்கு அடுத்தவர் ஷெபித்கோ. அதே 1977-இல் கிளீமவின் ‘மரண வேதனை’, 1975-இலேயே முடிந்திருந்தும், சோவியத் அரசின் திரைப்படக் குழுவான கோஸ்கினோவின் அனுமதி கிடைக்காமல் பெட்டிக்குள் கிடந்தது. அன்றைக்கு வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் எழுதியிருந்தால் கிளீமவைத்தான் ‘ஷெபித்கோவின் கணவர்’ என்று அறிமுகப்படுத்தியிருப்பார். வரிசை மாறியது ஷெபித்கோ இறந்ததால். படத்தின் தரத்தால் அன்று.

ஷெபித்கோ பிறந்தது 1938-இல், அப்போது அர்த்யோமவ்ஸ்க் என்று அழைக்கப்பட்ட, இன்று பாக்முத் என்று செய்திகளில் அடிபடுகிற ஊரில். மாஸ்கோவின் திரைப்படக் கல்லூரியான வ்கீக்கில் சேர்ந்தபோது அவருக்கு அமைந்த ஆசான் அலெக்சாந்தர் தவ்ஷென்கோ. ஒன்றரை ஆண்டுகளில் ஆசான் காலமாகிவிட்டார். ஆனால் ஒவ்வொரு படத்தையும் இதுவே கடைசிப் படம் என்று எண்ணி எடுக்க வேண்டும் என்ற அவருடைய பாடத்தை மாணவி கடைசிவரை விடவில்லை.

பட்டப்படமான ‘வெக்கை’ 1963-இல், கிர்கீஸியப் புல்வெளியில் படமாக்கப்பட்டது. நம்மில் பலர் ‘முதல் ஆசிரியர்’, ‘ஜமீலா’ ஆகியவற்றின் மாஸ்கோப் பதிப்புகள் வழியே தமிழில் அறிந்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதைதான் அதற்கு மூலம். அங்கிருந்த வெயிலில் கேமராவுக்குள்ளேயே படச்சுருள் உருகியது. இடையில் இயக்குநருக்கு மஞ்சள் காமாலை கண்டது; சில நாட்கள் தூக்குப்படுக்கையில் படுத்தபடியே இயக்கினார். படத்தின் பிற்பணிகளில் வந்து உதவியவர் உடன் படித்த கிளீமவ். அதே ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அடுத்து 1966-இல் ‘சிறகுகள்’. போர் விமானம் ஓட்டிய ஒரு பெண், போர் முடிந்து இருபதாண்டுகளுக்குப் பின் ஒரு சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருக்கிறார். மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை, வளர்ப்பு மகளும் விலகி நிற்கிறாள். மாயா புல்ககோவாவின் நடிப்பை நான் விவரிக்கப் போவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தபோது ஷெபித்கோவுக்கு வயது 28. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் அலுப்பும் கம்பீரமும் அந்த வயதில் அவருக்கு எப்படிப் பிடிபட்டன என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நெவாக்கரை

நான் 1983 முதல் 1989 வரை அன்றைய லெனின்கிராடில் மருத்துவம் பயின்றவன். ‘வந்து பார்’ படத்தை அங்கேயே, வெளிவந்த நாட்களில், ஒரு சாதாரணத் திரையரங்கில் பார்த்தேன். அதைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும்.

அரங்கில் என் முன்வரிசையில் பதக்கங்கள் அணிந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கிராமத்தாரைக் களஞ்சியத்துக்குள் அடைக்கும் காட்சி தொடங்கியதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். விளக்குகள் எரிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. படத்தின் முடிவில், பெலாரஸில் 628 கிராமங்கள் அவற்றின் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்ற எழுத்துகள் தோன்றும். லெனின்கிராடு முற்றுகையைக் கடந்துவந்த நகரம், பசியையும் சாவையும் அறிந்த நகரம். இருந்தும் அந்த எண்ணைப் படித்தபோது அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை.

இரண்டாவது செய்தி உங்களுக்கு விந்தையாக இருக்கலாம். என் ரஷ்யத் தோழர்களுக்கு கிளீமவ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் படமன்று. 1964-இல் அவர் எடுத்த நகைச்சுவைப் படமான ‘நல்வரவு, அல்லது அந்நியர் நுழையத் தடை’தான். சிறார் முகாம் ஒன்றை, விதிகளைத் தவிர வேறெதையும் காணாத ஒரு தலைவர் நடத்துகிறார். அதில் ஒரு பொடியன் அடிக்கடி எட்டிப் பார்த்து, “இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்பான். விடுதியில் யார் அறைக்குள் நுழைந்தாலும் அந்த வாக்கியத்தை அதே குரலில் சொல்வார்கள். அந்தப் படத்துக்கே மேலிடத்தில் முகச்சுளிப்பு இருந்தது. குருஷ்சேவ் பார்த்துச் சிரித்த பிறகுதான் வெளிவந்தது என்பார்கள். சிரிக்க வைத்தே தொடங்கிய ஒருவர் ‘வந்து பார்’ வரை வந்து சேர்ந்த தொலைவை எண்ணினால், அதற்கு அப்பால் எங்கே போவது என்ற கேள்வியும் புரிகிறது.

தேன்சிட்டு

இந்த மன்றத்தின் பட்டியலில் இவ்விழை ‘ரஷ்யத் திரை இயக்குநர்கள்’ என்ற பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. அதைப் பற்றி ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஷெபித்கோ உக்ரைனில் பிறந்து, லிவீவில் பள்ளிப்படிப்பை முடித்து, உக்ரைனியரான தவ்ஷென்கோவிடம் பயின்றவர். முதற்படத்தின் களம் கிர்கீஸியா. ‘மேலேற்றம்’ பெலாரஸ் எழுத்தாளர் வசில் பீக்கவின் ‘சோத்னிக்கவ்’ என்ற குறுநாவலிலிருந்து உருவானது. ‘வந்து பார்’ படத்தின் திரைக்கதையைக் கிளீமவோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அதமோவிச்சும் பெலாரஸைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே காட்டுப் போராளிகளோடு இருந்தவர். எரிந்த கிராமங்களில் உயிர்தப்பியவர்களை ஊர் ஊராகத் தேடிச் சென்று வாக்குமூலங்களைத் தொகுத்த மூவரில் ஒருவர். இத்தனைக்கும் ‘ரஷ்ய’ என்று ஒரே முத்திரை குத்துவது, மாஸ்கோவிலிருந்து பணம் வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் மாஸ்கோவின் கணக்கில் எழுதுவதாகும். ‘சோவியத்’ என்றாவது சொல்வோம்.

பழைய படச்சுருள்

தேன்சிட்டு அவர்களின் திருத்தம் நியாயமானது. இனி ‘சோவியத்’ என்றே எழுதுகிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த அமைப்பின் முரணே அதுதான்: மாஸ்கோவின் அரசுப் படநிறுவனமான மோஸ்ஃபில்மில் தடுக்கப்பட்ட படத்தைச் சில வேளைகளில் வேறு குடியரசின் தலைவர் ஒருவர் காப்பாற்றினார்.

‘மேலேற்றம்’ முடிந்தபோது அதிகாரிகளுக்கு அது உவப்பாக இல்லை. உணவு தேடிப் புறப்பட்ட இரு போராளிகள் பிடிபடுகிறார்கள். நோயாளியான சோத்னிக்கவ் தூக்குமேடைக்கு நடக்கிறான், வலுவான ரிபாக் எதிரியிடம் சேர்ந்து உயிர்பிழைக்கிறான். இதில் சிலுவையும் யூதாசும் தெரிகின்றன, போராளிகளின் கதையைச் சமயக் கதையாக்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தெரிவது உண்மைதான், மறைக்க அவர் முயலவும் இல்லை. படம் பெட்டிக்குள் போய்விடும் என்ற நிலையில், பெலாரஸ் கட்சியின் முதற்செயலாளர் பியோத்தர் மஷேரவுக்குப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தவர் கிளீமவ். மஷேரவ் போரில் போராளிப் படைக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய தாயை ஜெர்மானியர்கள் கொன்றிருந்தார்கள். படம் ஓடும்போதே அழுதார், முடிந்ததும் எழுந்து நெடுநேரம் பேசினார். அதன்பின் யாருக்கும் மறுத்துப் பேச வாயில்லை.

நான் அதைப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு திரைப்படச் சங்கத்தின் மாடி அறையில். மின்விசிறியின் இரைச்சலில் வசனம் பாதி கேட்கவில்லை. தூக்குக் கயிற்றின் கீழே நின்றுகொண்டு சோத்னிக்கவ் கூட்டத்தில் தேடுகிறான், தொப்பி அணிந்த ஒரு சிறுவனின் கண்களைக் கண்டுகொள்கிறான், புன்னகைக்கிறான். சிறுவன் அழுகிறான். அந்த இடத்தில் வசனம் ஏதும் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஒளிமணி

நான் ஒளிப்பதிவுத் துறையில் உதவியாளராக இருக்கிறேன். வரலாற்றைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, கண்ணில் பட்டவற்றைச் சொல்கிறேன்.

‘மேலேற்றம்’ கறுப்பு வெள்ளை. மூரம் நகருக்கு அருகே கடுங்குளிர்காலத்தில் எடுத்தார்கள்; நடிகர்களின் புருவத்தில் இருப்பது ஒப்பனைக்காரர் தூவிய பனி அன்று. கேமரா நிலத்தோடு தாழ்ந்து நகர்கிறது. காலில் குண்டுபட்ட சோத்னிக்கவை ரிபாக் பனியில் இழுத்துச் செல்லும் நீண்ட காட்சியில் இருவரின் மூச்சும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. முகங்களை எடுக்கும்போதோ பின்னணியை ஏறக்குறைய வெண்மையாகவே விட்டுவிடுகிறார்கள், காகிதத்தில் கரிக்கோடு போட்டதுபோல. முன்பே அறியப்பட்ட முகங்கள் வேண்டாம் என்று ஷெபித்கோ நினைத்ததால், சோத்னிக்கவாக நடிக்க ஸ்வெர்த்லோவ்ஸ்க் நாடக அரங்கிலிருந்து பரீஸ் பிளோத்னிக்கவ் வந்தார். ரிபாக்காக நடித்த விளதீமிர் கஸ்த்யூகின் மாஸ்கோ நாடக அரங்கு ஒன்றில் மேடைச் சாமான்களைத் தூக்கி வைக்கும் பணியில் இருந்தவர்.

‘வந்து பார்’ நேர் எதிர்த்திசையில் போகிறது. ஒளிப்பதிவாளர் அலெக்சேய் ரதியோனவ் ஸ்டெடிகேமை (ஓடினாலும் காட்சி குலுங்காமல் இருக்க உடலில் மாட்டிக்கொள்ளும் கேமராத் தாங்கி) அணிந்துகொண்டு சிறுவனின் பின்னாலும் முன்னாலும் ஓடுகிறார். பாத்திரங்கள் நேராக லென்ஸைப் பார்க்கின்றன, அதாவது நம்மைப் பார்க்கின்றன. குண்டுவீச்சுக்குப் பின் சிறுவனின் செவி அடைத்துப்போக, நமக்கும் ஒரு ரீங்காரம் மட்டுமே கேட்கிறது. காட்சிகளைக் கதை வரிசைப்படியே ஒன்பது மாதங்கள் எடுத்ததால், பதினான்கு வயதான அலெக்சேய் க்ராவ்சென்கோவின் முகம் நம் கண் முன்னேயே தேய்கிறது. சில இடங்களில் உண்மையான தோட்டாக்கள் தலைக்கு மேலே பறந்ததாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்று எந்தப் படப்பிடிப்பிலும் அதை அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அந்தப் பசு இறக்கும் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. அதைப் பாராட்டாகச் சொல்கிறேனா குற்றமாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை.

ஆனால் எனக்கு மிகவும் அச்சமூட்டியது எந்தக் கொலைக் காட்சியும் அன்று. சிறுவன் தன் வீட்டுக்குத் திரும்புகிறான். அடுப்பில் கஞ்சி இன்னும் சூடாக இருக்கிறது, ஈக்கள் மொய்க்கின்றன, தங்கைகளின் பொம்மைகள் தரையில் கிடக்கின்றன. வீட்டாரைத் தேடி இருவரும் வெளியே ஓடும்போது, உடன் வந்த பெண் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டின் பின்சுவரோரம் குவிந்து கிடப்பது அவளுக்கும் நமக்கும் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஷாட் ஓரிரு நொடிகள்தான் நீடிக்கிறது. வேறொருவர் என்றால் அங்கேயே நிறுத்தி நெருங்கிப் போயிருப்பார்.

கருவிழி

ஒளிமணி, அந்த ஷாட்டை நான் தவறவிட்டிருந்தேன். நேற்றிரவு திரும்பப் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்றும் தோன்றியது.

பழைய படச்சுருள் ஐயா, முதற்கேள்வியின் விடையில் பாதி இரண்டாவதில் இருக்கிறது என்றீர்கள். மீதியையும் சொல்லுங்கள்.

பழைய படச்சுருள்

சொல்கிறேன், இது என் கணிப்பு, ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

1979 ஜூலை 2 அன்று காலை, வலெந்தீன் ரஸ்பூத்தினின் நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்த ஷெபித்கோ, லெனின்கிராடு நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் இறந்தார். வயது 41. ‘மேலேற்றம்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான விளதீமிர் சுக்னவும், கலை இயக்குநர் யூரி ஃபமேன்கோவும், படக்குழுவினர் வேறு சிலரும் அதே காரில் மாண்டனர். அணைக்கட்டினால் நீரில் மூழ்கப்போகும் ஒரு தீவைப் பற்றிய அந்தப் படத்தைக் கிளீமவ் ஏற்றுக்கொண்டு, 1981-இல் ‘விடைபெறல்’ என்ற பெயரில் முடித்தார். மனைவியைப் பற்றி ‘லரீஸா’ என்ற குறும்படத்தையும் எடுத்தார். (கிளீமவின் வாழ்வில் இரண்டு ரஸ்பூத்தின்கள் உண்டு: ‘மரண வேதனை’யில் வரும் அரண்மனைச் சாமியார் வேறு, இந்த எழுத்தாளர் வேறு. குழம்பிப்போய் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

இப்போது அவருடைய வாழ்க்கையை நீளவாக்கில் பாருங்கள். 1963-இல் நோயுற்ற ஷெபித்கோவின் படத்துக்குத் துணைநின்றார். மிகயீல் ரோம் முடிக்காமல் விட்டுச்சென்ற ஆவணப்படத்தை மர்லேன் குத்சியேவ் முதலியோருடன் சேர்ந்து எழுபதுகளில் முடித்துக்கொடுத்தார். பிறகு ‘விடைபெறல்’. ‘வந்து பார்’ படமும் 1977-இலேயே வேறு பெயரில் தொடங்கி, தடுக்கப்பட்டு, போர் வெற்றியின் நாற்பதாம் ஆண்டு நெருங்கியபோதுதான் மீண்டும் அனுமதி பெற்றது. அதாவது அவர் தன்னிடமே பட்டிருந்த பழைய கடன். அதற்கும் முந்தைய கடன் ஒன்று உண்டு. 1942-இல், ஒன்பது வயதில், எரிந்துகொண்டிருந்த ஸ்தாலின்கிராடிலிருந்து தாயோடும் கைக்குழந்தைத் தம்பியோடும் வோல்காவைக் கடந்தவர் அவர். பார்த்ததையெல்லாம் அப்படியே காட்டினால் தன்னாலேயே அந்தப் படத்தைப் பார்க்க இயலாது என்ற பொருளில் பின்னர் பேசியிருக்கிறார்.

பிறர் பாதியில் விட்டதை முடித்து வைப்பதும், தன்னுள் பாதியில் நின்றதை முடிப்பதுமே அவருடைய தொழிலாக அமைந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. 1985-இல் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டதாக உணர்ந்ததாகவும், படமெடுப்பதில் ஆர்வம் போய்விட்டதாகவும் அவரே பின்னாளில் சொன்னார். நாம் அதை நம்பாமல் வேறு காரணம் தேடுகிறோம்.

தேன்சிட்டு

ஐயா, உங்கள் கணிப்பு அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு ஐயம் வருகிறது. 1986 மே மாதம் நடந்த திரைக்கலைஞர் சங்கத்தின் ஐந்தாவது மாநாட்டை நீங்கள் தாண்டிச் சென்றுவிட்டீர்கள். பழைய தலைமையை வீழ்த்தி முதற்செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கிளீமவ். ஒரு படைப்பாளியை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை: கூட்டங்கள், கோப்புகள், பிரதிநிதிக் குழுக்கள். புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரீத்தாவும்’ நாவலைப் படமாக்க அவர் விரும்பினார் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆர்வம் போய்விட்டது என்பவருக்கு அந்த ஆசை எதற்கு?

மேலும், அந்த மாநாட்டை வெறும் விடுதலையாகக் கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. செர்கேய் பந்தர்ச்சூக் போன்ற மூத்தவர்கள் பிரதிநிதிகளாகக்கூடத் தேர்ந்தெடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டார்கள். நேற்றுவரை ஒதுக்கப்பட்டவர்கள் இன்று ஒதுக்கினார்கள்.

நெவாக்கரை

தேன்சிட்டு சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியிலிருந்து என்ன கிடைத்தது என்பதை நான் நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டும்.

தடுக்கப்பட்ட படங்களை ரஷ்யர்கள் ‘அலமாரிப் படங்கள்’ என்பார்கள். மாநாடு முடிந்தவுடன், விமர்சகர் அந்திரேய் பிளாகவின் தலைமையில் பிணக்குக் குழு ஒன்று அமைக்கப்பட்டது; அது அலமாரிகளைத் திறந்து இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை மீளாய்வு செய்தது. கீரா முராத்தவாவின் 1967, 1971-ஆம் ஆண்டுப் படங்கள், அலெக்சேய் கேர்மானின் ‘சாலையில் சோதனை’ என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. நாங்கள் மாணவர்கள், பனியில் வரிசையில் நின்று பார்த்தோம். பதினைந்து, இருபது ஆண்டுகள் பழைய படத்தைப் புதுப்படம் என்று விளம்பரம் செய்தார்கள், எங்களுக்கு அது புதுப்படமாகத்தான் இருந்தது.

இதில் ஷெபித்கோவும் உண்டு. அந்திரேய் பிளத்தோனவின் கதையை வைத்து அவர் 1967-இல் எடுத்த ‘மின்சாரத்தின் தாயகம்’, அந்திரேய் ஸ்மிர்னவின் ‘தேவதை’யுடன் சேர்ந்து, புரட்சியின் ஐம்பதாம் ஆண்டுக்காகத் தயாரான ஒரு தொகுப்புப் படத்தின் பகுதி. இருவருடையதும் அலமாரிக்குப் போயின, 1987-இல்தான் வெளிவந்தன. பின்னர் கிளீமவ் பொறுப்பிலிருந்து ஒதுங்கியபோது சங்கத்தைத் தற்காலிகமாக நடத்தியவர் அதே ஸ்மிர்னவ்.

ஆயினும் கறை இல்லாமல் இல்லை. அலெக்சாந்தர் அஸ்கோல்தவின் ‘கமிஸார்’ 1967-இல் தடுக்கப்பட்டது. இயக்குநர் கட்சியிலிருந்தும் தொழிலிலிருந்தும் விலக்கப்பட்டார். புதிய தலைமை வந்து ஓராண்டுக்குப் பிறகும் அது அலமாரியிலேயே இருந்தது. 1987 கோடையில் மாஸ்கோ விழாவின் செய்தியாளர் கூட்டத்தில் அஸ்கோல்தவ் எழுந்து நின்று, வெளிநாட்டார் முன்னிலையில் தன் படத்தைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அது திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு பெர்லினில் வெள்ளிக் கரடியும் பெற்றது. அலமாரியின் சாவியை வைத்திருந்தவர்கள் நல்லவர்களாக இருந்தும், கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

ஆகவே, கிளீமவ் 1985-க்குப் பின் ஒன்றும் செய்யவில்லை என்ற வாக்கியத்தைத்தான் நான் ஏற்கமாட்டேன். தன் படத்தை விட்டுவிட்டுப் பிறருடைய படங்களை வெளிக்கொணர்ந்தார், ஒன்றிரண்டில் தாமதித்தார்.

தேன்சிட்டு

அப்படியானால் பழைய படச்சுருள் ஐயாவின் ‘முடித்து வைப்பவர்’ என்ற கணிப்புக்கே நீங்கள் வலுச்சேர்க்கிறீர்கள். சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். நாவல் ஆசையைப் பற்றிய என் கேள்வி நிற்கிறது.

பழைய படச்சுருள்

அது நிற்கட்டும். அந்த ஆசை பெரிய பொருட்செலவைக் கேட்டது, பணம் கொடுக்கும் அரசே 1991-இல் இல்லாமல் போனது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கருவிழி

அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் ‘சிறகுகள்’ பார்த்தேன். தொடக்கத்திலேயே ஒரு தையற்காரர் அந்தத் தலைமையாசிரியருக்கு அளவெடுக்கிறார். நாடாவைத் தோளுக்குக் குறுக்கே பிடிக்கும்போது அவர் படைவீரரைப் போல விறைத்து நிற்கிறார். பின்னர் ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய படம் சுவரில் தொங்குகிறது. பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒரு சிறுமி, அவரும் இறந்துவிட்டாரா என்று கேட்கிறாள். அவர் அங்கேதான் நிற்கிறார். கடை மூடிய நேரத்தில் உணவகத்துக்காரப் பெண்ணோடு வால்ட்ஸ் ஆடுகிறாரே, அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்தேன்.

என் இரண்டாவது கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்தப் படத்தை எடுத்தவரை யாருடைய மனைவி என்று அறிமுகப்படுத்துவது என்ற ஐயமே எனக்கு இப்போது எழவில்லை.

அடுத்து ‘வெக்கை’யைத் தேடிக்கொண்டிருக்கிறேன். துணைத்தலைப்புகள் படிக்கும்படியாக உள்ள பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள். நான் பார்த்த ஒன்றில் வெயிலும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை.